16 ஜிபி போட்டால் 13.9, 4 ஜிபி போட்டால் 3.24: மீதி ரேம் எங்கே போகிறது?

கல்லாப்பெட்டி கேட்டது:

வணக்கம். அலுவலகத்தில் இரண்டு சிஸ்டம். இரண்டிலுமே போட்ட ரேம் முழுசாக வரமாட்டேன் என்கிறது.

முதலாவது புதுசு. ரைசன் 5 5600ஜி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 8 ஜிபி டிடிஆர்4 இரண்டு, விண்டோஸ் 11. செட்டிங்ஸில் பார்த்தால் 16.0 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே 13.9 ஜிபி தான் யூசபிள் என்கிறது.

இரண்டாவது பில் போடுகிற பழைய சிஸ்டம். இன்டெல் 945ஜி சிப்செட் (ப்ராசஸரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) உள்ள போர்டு, கோர் 2 டுவோ ப்ராசஸர், 2 ஜிபி டிடிஆர்2 இரண்டு, ஆன்போர்டு கிராபிக்ஸ். விண்டோஸ் 7 32 பிட்டில் 3.24 ஜிபி காட்டியது. 32 பிட் என்பதால்தான் அப்படி, 64 பிட் போட்டால் நாலும் வரும் என்று கடையில் சொன்னார்கள். ஃபார்மட் அடித்து 64 பிட் போட்டாயிற்று. இப்போதும் அதே 3.24. பயாஸில் (சிஸ்டம் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) மட்டும் 4 ஜிபி என்று சரியாகவே காட்டுகிறது.

எது தின்கிறது, திரும்ப வாங்க முடியுமா, இல்லை ரேமே பழுதா?

ஸ்லாட்நாலு:

ரேம் பழுது இல்லை. ஆனால் இரண்டு சிஸ்டத்துக்கும் காரணம் வேறு வேறு. ரைசனை முதலில் முடித்துவிடலாம், அது ஐந்து நிமிட வேலை.

5600ஜிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, ஆனால் அதற்கென்று சொந்தமாக மெமரி இல்லை. சிஸ்டம் ஆன் ஆனதும் பயாஸ் மொத்த ரேமிலிருந்து ஒரு துண்டை வெட்டி கிராபிக்ஸ் பெயருக்கு எழுதி வைத்துவிடும். விண்டோஸ் எழுந்து வரும்போது பாகப்பிரிவினை முடிந்திருக்கும், அதற்குக் கிடைப்பது மிச்சம்தான். உங்கள் போர்டில் அந்தத் துண்டு 2 ஜிபி. கூடவே ஒரு 100 எம்பி சுமாருக்கு பயாஸும் மற்ற ஹார்ட்வேரும் தங்களுக்கு வைத்துக்கொள்ளும். கணக்கு 13.9ல் நேராகிவிடுகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்று ஒரு வரி இருக்கும், 2.1 ஜிபி பக்கம் காட்ட வேண்டும். அதே இடத்தில் ஜிபியு பக்கத்துக்குப் போனால் 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி' 2.0 ஜிபி என்றிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் விஷயம் இதுதான், வேறெதையும் தோண்ட வேண்டாம்.

குறைப்பதற்கு: சிஸ்டம் ஆன் ஆகும்போது டிலீட் கீ அடித்து பயாஸுக்குள் போங்கள். ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் அட்வான்ஸ்டு, ஏஎம்டி சிபிஎஸ், என்பிஐஓ காமன் ஆப்ஷன்ஸ், ஜிஎஃப்எக்ஸ் கான்ஃபிகரேஷன் என்று உள்ளே உள்ளே போக வேண்டியிருக்கும். அங்கே ஐஜிபியு கான்ஃபிகரேஷனை 'யூஎம்ஏ ஸ்பெசிஃபைட்' (யூஎம்ஏ என்பது கிராபிக்ஸ் சிஸ்டம் ரேமையே பகிர்ந்துகொள்ளும் முறை) என்று மாற்றினால்தான் அடியில் 'யூஎம்ஏ ஃப்ரேம் பஃபர் சைஸ்' என்ற வரி தெரியும். ஆட்டோவிலேயே விட்டுவிட்டுத் தேடினால் அந்த வரியே கண்ணில் படாது, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதை 512 எம்பி ஆக்கி, எஃப்10 அடித்து சேமித்து வெளியே வாருங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும், யூஎம்ஏ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடினால் கிடைத்துவிடும்.

512 வைத்தால் ஸ்கிரீன் மெதுவாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். போதாவிட்டால் கிராபிக்ஸ் டிரைவர் விண்டோஸிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று இப்போது 7 ஜிபி பக்கம் ஒரு எண் தெரியும், அது அப்படிக் கேட்டு வாங்குவதற்கான உச்சவரம்பு மட்டுமே. அந்த 7 ஜிபியும் போய்விட்டது என்று நினைத்து அலறுகிறவர்கள் உண்டு. அது ஒதுக்கப்பட்டது அல்ல, தேவைப்படும்போது எடுத்து முடிந்ததும் திருப்பித் தருவது. சில கேம்கள் மட்டும் டெடிகேட்டட் அளவைப் பார்த்துவிட்டு ஓட மறுக்கும், அப்போது 1 அல்லது 2 ஜிபி வையுங்கள். பில் போடவும் பிரவுசருக்கும் 512 தாராளம்.

இரண்டு ஸ்டிக்கையும் அப்படியே இரண்டு சேனலில் (ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே உள்ள பாதை) விடுங்கள். இந்த ப்ராசஸரில் கிராபிக்ஸ் வேகம் ரேமின் வேகத்தை நம்பித்தான் இருக்கிறது. ஒரே 16 ஜிபி ஸ்டிக் போட்டால் அளவு அதேதான், கிராபிக்ஸ் நொண்டும்.

945 பற்றி வேறு யாராவது விளக்குங்கள், அது பெரிய கதை.

ஹெக்ஸ்கணக்கு:

கடைக்காரர் சொன்னது பாதி சரி. 32 பிட் ஓஎஸ், அதாவது விண்டோஸ், ஒரு தடைதான். ஆனால் உங்கள் போர்டில் அதற்கும் கீழே இன்னொரு தடை இருக்கிறது. மேல் தடையை எடுத்ததும் கீழே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான்.

ப்ராசஸர் ரேமை மட்டும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிராபிக்ஸ், நெட்வொர்க், யூஎஸ்பி, பயாஸ் சிப் எல்லாவற்றையும் அதே எண் வரிசையில் வைத்துத்தான் கூப்பிடும். முகவரி 32 பிட் என்றால் மொத்தம் 4,294,967,296 எண்கள், பைட்டுக்கு ஒன்று வீதம் சரியாக 4 ஜிபி. இந்த 4 ஜிபி எண்களுக்குள் ரேமும் குடியிருக்க வேண்டும், மற்ற சாதனங்களும் குடியிருக்க வேண்டும். சாதனத்துக்குக் கொடுத்த எண்ணை ரேமுக்குக் கொடுக்க முடியாது. பற்றாக்குறை ரேமில் இல்லை, கதவு எண்ணில்.

உங்கள் சிஸ்டத்திலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜர் திறந்து, மேலே வியூ மெனுவில் 'ரிசோர்சஸ் பை டைப்' தேர்ந்தெடுத்து, மெமரி என்பதை விரியுங்கள். எட்டு இலக்க ஹெக்ஸ் எண்களாக நீளமான பட்டியல் வரும். ஹெக்ஸில் ஒரு இலக்கம் 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை, ஆக 16 வகை. எனவே முதல் இலக்கத்தை வைத்து 4 ஜிபியை 16 தெருவாகப் பிரித்துக்கொள்ளலாம், தெரு ஒன்றுக்கு 256 எம்பி.

945ஜியில் ஆன்போர்டு கிராபிக்ஸ் ஓடும்போது வழக்கமாக இப்படி இருக்கும். 'டி' தெரு முழுவதும் இன்டெல் கிராபிக்ஸுக்கு, அது ப்ராசஸருக்குத் திறந்து வைக்கும் ஜன்னல் 256 எம்பி. 'இ' தெரு முழுவதும் பிசிஐ எக்ஸ்பிரஸின் கான்ஃபிகரேஷனுக்கு. ஏன் அதற்கு அவ்வளவு? 256 பஸ், பஸ்ஸுக்கு 32 சாதனம், சாதனத்துக்கு 8 ஃபங்ஷன், ஒவ்வொன்றுக்கும் 4 கேபி. பெருக்கிப் பாருங்கள், சரியாக 256 எம்பி. உங்கள் போர்டில் நாலே நாலு சாதனம்தான் இருந்தாலும் இடம் முழுசாகவே போய்விடும். கடைசியாக 'எஃப்' தெரு: இன்டரப்ட் கன்ட்ரோலர்கள், நெட்வொர்க், சவுண்டு, யூஎஸ்பி, தெருக்கோடியில் பயாஸ் சிப். பயாஸ் அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. பவர் வந்ததும் ப்ராசஸர் முதல் கட்டளையைத் தேடுவது 4 ஜிபி உச்சிக்கு 16 பைட் கீழேதான்.

மூன்று தெரு போக ரேமுக்கு மிச்சம் 13. பதின்மூன்றை 256ஆல் பெருக்கினால் 3328 எம்பி, அதாவது 3.25 ஜிபி. அதிலிருந்து ஆன்போர்டு கிராபிக்ஸ் தன் திரைக்கென்று 8 எம்பி எடுத்தால் 3320. 1024ஆல் வகுத்தால் 3.24. உங்கள் திரையில் தெரிகிற எண் வந்துவிட்டது.

இப்போது 64 பிட் போட்டும் ஏன் மாறவில்லை என்பதற்கு வருவோம். அந்த மூன்று தெருவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட 768 எம்பி ரேமை மீட்க ஒரே வழி, அதற்கு 4 ஜிபிக்கு மேலே புது எண் கொடுப்பது. இதற்கு ரீமேப் என்று பெயர். இதைச் செய்ய வேண்டியது ஓஎஸ் அல்ல, ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர். அந்தக் காலத்து இன்டெல் போர்டில் அது ப்ராசஸருக்குள் கிடையாது, சிப்செட்டில் இருந்தது. 945 வெளிவந்தது 2005இல், அதற்கு இந்த வசதி இல்லை. கோர் 2 டுவோ 64 பிட்டாக இருந்தும், 4 ஜிபிக்கு மேல் எண் சொல்லிக் கூப்பிட்டால் எடுத்துக் கொடுக்க சிப்செட்டுக்குத் தெரியாது. மறு வருடம் வந்த 965இல் ரீமேப் வந்துவிட்டது. அதனால்தான் அந்த வகைப் போர்டுகளின் பயாஸில் 'மெமரி ரீமேப்' என்று ஒரு வரி இருக்கும். உங்கள் போர்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பயாஸ் அப்டேட் செய்தாலும் வராது, சிலிக்கானிலேயே இல்லாததை அப்டேட் எங்கிருந்து கொண்டுவரும்?

பயாஸ் 4 ஜிபி காட்டுவதிலும் முரண்பாடு இல்லை. ஸ்டிக்கின் மேலே இருக்கிற சின்ன சிப்பைப் படித்து, 'என்ன செருகியிருக்கிறது' என்று அது சொல்கிறது. எட்டக்கூடியது எவ்வளவு என்பது வேறு கேள்வி. விண்டோஸும் விஸ்டா எஸ்பி1 முதல் செருகிய அளவைத்தான் முதலில் காட்டுகிறது. அதற்கு முந்தைய விஸ்டா 3.24ஐ மட்டும் காட்டும். அடைப்புக்குறிக்குள் யூசபிள் அளவையும் போட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வியே இவ்வளவு பேருக்கு எழுகிறது.

செய்ய வேண்டியது: ஒன்றும் வேண்டாம். இரண்டு ஸ்டிக்கையும் அப்படியே விடுங்கள், ஒன்றை எடுத்து 1 ஜிபி போட்டால் மிச்சமாவது எதுவும் இல்லை. சொல்லப்போனால் இந்தச் சிஸ்டத்துக்கு 64 பிட் போட்டது நஷ்டம். கிடைப்பது அதே 3.24, 64 பிட் விண்டோஸோ அதிலிருந்து கூடுதலாகச் சாப்பிடும். செலவு செய்வதாக இருந்தால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், பழைய ஐடிஇ முறையில் ஓடினாலும் வித்தியாசம் தெரியும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது, பில் சிஸ்டத்தை அதோடு இன்டர்நெட்டில் விடுவது நல்லதில்லை.

சாம்பல்பூனை:

32 பிட் விண்டோஸிலேயே பிஏஇ பேட்ச் போட்டால் 8 ஜிபி வரை வரும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றனவே, அதைச் செய்து பார்க்கலாமா ப்ரோ?

ஹெக்ஸ்கணக்கு:

இந்த 945இல் அறவே பயனில்லை. 4 ஜிபிக்கு மேலே ரேமே வைக்கப்படவில்லை எனும்போது பேட்ச் எதை எடுக்கும்?

ரீமேப் உள்ள போர்டில் வேலை செய்யும் என்பது உண்மைதான். பிஏஇ என்பது 1995இல் பென்டியம் புரோவோடு வந்த பழைய வசதி. 32 பிட் ப்ராசஸரே 36 பிட் முகவரி, அதாவது 64 ஜிபி வரை கூப்பிடலாம். 32 பிட் விண்டோஸ் சர்வர் பதிப்புகள் சில இதை வைத்துத்தான் 4 ஜிபியைத் தாண்டின. அப்படியென்றால் நம் எக்ஸ்பியையும் 7ஐயும் மைக்ரோசாஃப்ட் ஏன் 4லேயே கட்டிவைத்தது? டிரைவர்கள். முகவரி 32 பிட்டுக்குள்தான் வரும் என்று நம்பி எழுதிய டிரைவரிடம் 4 ஜிபிக்கு மேற்பட்ட எண்ணைக் கொடுத்தால், அது மேல் பிட்களை வெட்டி எறிந்துவிட்டு வேறு எங்கோ போய் எழுதிவிடும். சில நேரம் நீலத்திரை வரும். அதுகூடப் பரவாயில்லை, சத்தமில்லாமல் டிஸ்கில் தப்பான டேட்டா விழுந்தால்தான் ஆபத்து. பேட்ச் அந்தக் கட்டை மட்டும் அவிழ்க்கும், டிரைவரைத் திருத்தாது. டிஜிட்டல் கையெழுத்து மாறின கர்னலை (விண்டோஸின் மையப் பகுதி) வைத்துக்கொண்டு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திரும்பத் திரும்ப பேட்ச் அடிக்க வேண்டும். கணக்கு வழக்கு இருக்கிற சிஸ்டத்தில் தயவுசெய்து வேண்டாம்.

தென்றல்64:

இதே இடத்தில் கேட்டுவிடுகிறேன். என்னுடையது இன்டெல் 10ஆம் தலைமுறை, 64 பிட் விண்டோஸ் 10, 8 ஜிபி இரண்டு. 16.0 செருகியிருக்கிறது, ஆனால் 7.9 தான் யூசபிள். ஹார்ட்வேர் ரிசர்வ்டு 8.1 ஜிபி. பயாஸில் கிராபிக்ஸுக்கு 64 எம்பி தான் வைத்திருக்கிறது.

ஸ்லாட்நாலு:

போனது சரியாக ஒரு ஸ்டிக்கின் அளவு. கிராபிக்ஸ் அப்படி வெட்டாது. இது அமைப்பாகவோ காண்டாக்டாகவோதான் இருக்கும்.

கழற்றுவதற்கு முன் ஒரு இலவசச் சோதனை. விண்டோஸும் ஆர் கீயும் சேர்த்து அடித்து எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று அடித்துத் திறவுங்கள். பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 16384 என்று அங்கே எழுதிவைக்கிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டி ரேமின் அளவைக் கேட்கவில்லை, முகவரியின் உச்சத்தைக் கேட்கிறது. மேலே சொன்ன சாதனத் தெருக்களால் உங்கள் ரேமின் ஒரு பகுதி 16 ஜிபி எண்ணுக்கும் மேலே குடியேறியிருக்கும். 16384 என்று எழுதினால் அந்தப் பகுதி வெட்டப்பட்டுவிடும். டிக் இல்லாமல் விடுவதே சரி.

அது இல்லையென்றால் கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். இரண்டு ஸ்டிக்கையும் எடுங்கள். ஒன்றை மட்டும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவதாக உள்ள ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில். இரண்டும் தனித்தனியாக ஓடினால் ஸ்டிக்குகள் நல்லவை. அடுத்து ஒரே ஸ்டிக்கை நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். அங்கே மட்டும் எழவில்லை என்றால் குற்றம் ஸ்லாட்டிலோ சாக்கெட்டிலோ. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக் போட வேண்டிய இடம் இரண்டும் நான்கும், பக்கத்துப் பக்கத்தில் அல்ல.

தங்கப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அழிரப்பர் போட்டுத் தேய்ப்பது நம் ஊர் வழக்கம், வேலையும் செய்யும், ஆனால் முலாம் தேயும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும். திரும்பச் செருகும்போது கிளிப் 'டக்' என்று தானாக மூட வேண்டும். ஒரு முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் இதே அறிகுறிதான் வரும்: சின்ன சிப் படிக்கப்படும், அளவு தெரியும், ரேம் மட்டும் வேலை செய்யாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சேனல் மட்டும் வரவில்லையா? இன்டெல் போர்டில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, மெமரி கன்ட்ரோலரோ ப்ராசஸருக்குள். ஒரு பின் வளைந்தாலோ, கூலரின் ஒரு பக்கத்து ஸ்க்ரூ மட்டும் அதிகமாக இறுகியிருந்தாலோ சேனல் தொலையும். கூலரைக் கழற்றி, பின் வரிசையை டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். திரும்பப் போடும்போது ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். புது தெர்மல் பேஸ்ட் மறக்க வேண்டாம்.

எல்லாம் வந்தபின் மெம்டெஸ்ட்86 பிளஸை பென்டிரைவில் போட்டு ஒரு முழு பாஸாவது ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான்.

டக்ஸ்கூடு:

லினக்ஸ் ஆட்களுக்காக. ரேம் அளவைக் காட்டும் ஃப்ரீ (free) கட்டளையின் மொத்த எண், விண்டோஸ் காட்டுவதைவிடக் குறைவாக இருந்தால் பதற வேண்டாம். கர்னல் ரேமை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். 16 ஜிபிக்கு 41,94,304 பக்கம், குறிப்புகள் மட்டுமே 256 எம்பி. ஃப்ரீ அதைக் கழித்துவிட்டுத்தான் மொத்தத்தைக் காட்டுகிறது. கர்னல் கட்டளை வரியில் க்ராஷ்கர்னல் (கர்னல் விழுந்தால் உதவ ஒதுக்கிவைக்கும் ரேம்) என்று இருந்தால் அதற்குரியதும் கழியும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க, பூட் ஆனதும் டிமெசேஜ் (dmesg) என்ற கர்னல் பதிவின் ஆரம்பத்தில் இ820 (பயாஸ் தரும் மெமரி பட்டியல்) என்று தொடங்கும் வரிகளைப் படியுங்கள். 'யூசபிள்' என்றிருப்பது மட்டும் நமக்கு, 'ரிசர்வ்டு' என்றிருப்பது பயாஸ் எடுத்துக்கொண்டது. 945இல் இந்தப் பட்டியலில் 4 ஜிபிக்கு மேல் யூசபிள் வரி ஒன்றுகூட இருக்காது.

சர்வர் வைத்திருப்பவர்கள் பயாஸில் 'மெமரி மிரரிங்' ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஒரே டேட்டாவை இரண்டு இடத்தில் எழுதும் முறை அது, பாதி ரேம் அப்படியே போய்விடும்.

கல்லாப்பெட்டி:

ரைசனில் 512 வைத்தேன், 15.4 வந்துவிட்டது. ஹார்ட்வேர் ரிசர்வ்டு 0.6 காட்டுகிறது. 945இல் ரிசோர்சஸ் பட்டியலைத் திறந்தேன். நீங்கள் சொன்னபடியே 'டி' இன்டெல் கிராபிக்ஸ், 'இ' மதர்போர்டு ரிசோர்சஸ் என்று இருக்கிறது. ஒரே சந்தேகம்: ஆன்போர்டை விட்டு 1 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டால் ரேம் 2.25க்கு இறங்கிவிடுமா?

ஹெக்ஸ்கணக்கு:

இறங்காது. கார்டில் 1 ஜிபி இருந்தாலும் அந்தக் காலத்துக் கார்டுகள் ப்ராசஸருக்குத் திறக்கும் ஜன்னல் பெரும்பாலும் 256 எம்பி தான். ஆன்போர்டு காலி செய்த 'டி' தெருவுக்கே அது குடிவந்துவிடும். கூடக் குறைய சில எம்பி மாறலாம், அவ்வளவுதான். முழு மெமரியையும் ஒரே ஜன்னலில் திறக்கிற ரீசைசபிள் பார் பிற்பாடு வந்தது, அதற்கு 4 ஜிபிக்கு மேலே சாதனங்களுக்கு எண் கொடுக்கும் 'அபவ் 4ஜி டிகோடிங்' வேண்டும், இந்தப் போர்டில் அந்தப் பேச்சே இல்லை. பில் போடுகிற சிஸ்டத்துக்குக் கார்டும் வேண்டாம். அந்தக் காசை எஸ்எஸ்டியில் போடுங்கள்.